முத்து, கோஸ்டர், பவளம்: ஒரு கொக்கி ஊசியில மூணு கணக்கு



மூணாவது வருஷ ஸ்டடி லீவ்ல ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து குரோஷா பின்னிக்கிட்டு இருந்தேன். ரூம்மேட் உள்ளே வந்தான். கையில இருந்த நூலைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான். "டேய், என்னடா இது பாட்டி வேலை?" அடுத்த ரெண்டு வாரம் எங்க ஃப்ளோர்ல எனக்குப் பேரே "பாட்டி"தான்.

எனக்குக் கோபம் வரலை, ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஏன்னா நான் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரன். எங்க பக்கம் நூலும் ஊசியுமா உட்கார்ந்திருக்கிறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். கடலுக்குப் போகாத நாள்ல கரையில வள்ளத்து நிழல்ல உட்கார்ந்து வலையில கிழிஞ்ச இடத்தைப் பின்னுவாங்க. எங்க தாத்தாவுக்குக் கண் பார்வை குறைஞ்சுபோச்சு. ஆனா விரலை வச்சே கண்ணி சரியா இருக்கான்னு சொல்லிடுவாரு. அந்த வீட்டுப் பையன் நூல் பிடிச்சா என்ன அதிசயம்?

இந்தக் கட்டுரை குரோஷா கத்துக்கிறதுக்கான ஒரு பாடம். மூணு பொருள் செய்யப் போறோம்: ஒரு கோஸ்டர், ஒரு முத்து, ஒரு பவளம். மூணுக்கும் ஒரே ஊசி, ஒரே பின்னல். மாறுறது ஒரே ஒரு எண்ணிக்கைதான். ஆனா அதுக்குள்ள நம்ம எம்-ஒன் பேப்பர்ல மனப்பாடம் பண்ணி மறந்துபோன ஒரு விஷயம் இருக்கு. எங்க ஊர்க் கடல்ல நடந்த ஒரு விஷயமும் இருக்கு. வரிசையா வருவோம்.

தேவையான சாமான்

கொக்கி ஊசி 3.5 மி.மீ. அல்லது 4 மி.மீ. ஒண்ணு போதும். ஃபேன்சி ஸ்டோர்ல குரோஷா ஊசின்னு கேட்டா கொடுப்பாங்க. கோஸ்டருக்குக் காட்டன் நூல் வாங்குங்க, சூடான டம்ளர் வைக்கத் தாங்கும். முத்துக்கும் பவளத்துக்கும் அக்ரிலிக் உல்லன் நூல் நல்லது. ஒரு கத்தரி, ஒரு ஊக்கு, நூல் முனையை உள்ளே செருக ஒரு பெரிய காது வச்ச ஊசி. அவ்வளவுதான் செலவு.

ஆரம்பத்துல கறுப்பு நூல் வாங்காதீங்க. கண்ணி எங்கே இருக்குன்னே தெரியாது. நான் வாங்கித்தான் கெட்டேன்.

அடிப்படைப் பின்னல்

முதல்ல ஊசியில ஒரு சுருக்கு முடிச்சு. அதுக்குள்ள நூலை இழுத்தா ஒரு செயின். இதுவரைக்கும் பூ கட்டுற கைக்கு ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது சிங்கிள் குரோஷா. கீழே இருக்கிற கண்ணிக்குள்ள ஊசியை விடுங்க. நூலைக் கொக்கியில மாட்டி வெளியே இழுங்க. இப்போ ஊசியில ரெண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுத்தி ரெண்டு வளையத்து வழியாவும் ஒண்ணா இழுத்துடுங்க. ஒரு கண்ணி முடிஞ்சது.

கூட்டுறதுன்னா ஒரே கண்ணிக்குள்ள ரெண்டு சிங்கிள் போடுறது. குறைக்கிறதுன்னா ரெண்டு கண்ணியை ஒண்ணாக்குறது: முதல் கண்ணியில ஒரு வளையம் இழுத்து வச்சுக்கிட்டு, அடுத்த கண்ணியிலயும் ஒண்ணு இழுத்து, ஊசியில இருக்கிற மூணையும் சேர்த்து இழுக்கணும்.

வீடியோ பார்த்துப் பழகுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக்காரங்க சிங்கிள்னு சொல்றதை பிரிட்டிஷ்காரங்க டபுள்னு சொல்லுவாங்க. நான் இங்கே சொல்றது அமெரிக்க வழக்கம்.

கண்ணிங்கிற வார்த்தையை வேணும்னேதான் எழுதுறேன். எங்க ஊர்ல வலையில இருக்கிற ஓட்டைக்கும் கண்ணின்னுதான் பேரு. ஆனா ரெண்டும் வேற வேற. வலையில ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி முடிச்சு. ஒரு இழை அறுந்தாலும் பக்கத்து முடிச்சு பிடிச்சுக்கும். குரோஷாவுல முடிச்சே கிடையாது, வளையத்துக்குள்ள வளையம் மட்டும்தான். முனையை இழுத்தா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துடும். செலவைக் குறைக்கலாம்னு ஒரு பழைய வலையைப் பிரிச்சு நூல் எடுக்கப் பார்த்தேன். அரை மணி நேரத்துல விரல் சிவந்ததுதான் மிச்சம். தாத்தா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "ஏல, அது பிரியக் கூடாதுன்னுதானே முடிச்சே போட்டிருக்கு."

பாடம் 1: கோஸ்டர்

2 செயின் போடுங்க. ஊசியிலிருந்து ரெண்டாவது செயினுக்குள்ள 6 சிங்கிள். இது முதல் சுற்று. சுற்றோட முதல் கண்ணியில ஊக்கை மாட்டிக்கிட்டா எண்ணிக்கை தப்பாது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஊக்கை மேலே மாத்திக்கிட்டே போங்க.

2-ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலயும் ரெண்டு. மொத்தம் 12.
3-ஆம் சுற்று: ஒரு கண்ணி சாதாரணம், அடுத்ததுல ரெண்டு. இப்படியே 6 தடவை. மொத்தம் 18.
4-ஆம் சுற்று: ரெண்டு சாதாரணம், அடுத்ததுல ரெண்டு. மொத்தம் 24.

இப்படிச் சுற்றுக்கு 6 கூட்டிக்கிட்டே 10-ஆம் சுற்று வரைக்கும் போனா 60 கண்ணி வரும். கிட்டத்தட்ட 10 செ.மீ. அகலத்துல ஒரு தட்டையான வட்டம். டீ டம்ளர் வைக்கலாம்.

இப்போ கேள்வி: ஏன் 6? வட்டத்தோட சுற்றளவு 2 × பை × ஆரம். ஆரம் ஒரு அலகு கூடினா சுற்றளவு 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷாவுல ஒரு கண்ணியோட உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒண்ணு. ஒரு சுற்று போட்டா ஆரம் ஒரு கண்ணி கூடுது, சுற்றளவு 6 கண்ணி கூடியாகணும். டபுள் குரோஷா உயரமா இருக்கும், அதனாலதான் அதுல சுற்றுக்கு 12 கூட்டச் சொல்லுவாங்க. இந்தக் கணக்கு எழுதாம, கையாலேயே பையோட மதிப்பைக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க பின்னுறவங்க.

பாடம் 2: முத்து

எங்க ஊருக்கு முத்து நகர்னு பேரு. ஆனா தூத்துக்குடிக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. எங்கப்பா சங்கு குளிக்கப் போறவரு. அவர்கூட முத்துக்குளிப்பைக் கதையாத்தான் கேட்டிருக்காரு. பேர் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. சரி, நாமளே ஒண்ணு பின்னிக்குவோம். வெள்ளை அல்லது க்ரீம் நூல் எடுங்க.

1 முதல் 4-ஆம் சுற்று வரைக்கும் கோஸ்டர் மாதிரியேதான்: 6, 12, 18, 24.
5 முதல் 8-ஆம் சுற்று வரைக்கும் எதையும் கூட்டாம 24 கண்ணி. இங்கே தட்டு கிண்ணமா வளையும்.
9-ஆம் சுற்று: ரெண்டு சாதாரணம், ஒரு குறைப்பு. மொத்தம் 18.
10-ஆம் சுற்று: ஒண்ணு சாதாரணம், ஒரு குறைப்பு. மொத்தம் 12. இப்போ பஞ்சை உள்ளே திணிச்சுடுங்க. மிச்ச நூல் துணுக்கும் போதும்.
11-ஆம் சுற்று: எல்லாமே குறைப்பு. மொத்தம் 6. நூலை அறுத்து, 6 கண்ணி வழியாவும் ஓட்டி இறுக்கிடுங்க.

சாவிக்கொத்துல மாட்டிக்கலாம். சிப்பியும் இதே மாதிரிதான் அடுக்கு அடுக்கா முத்தைக் கட்டுது, அதோட அடுக்கு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இங்கே நடந்தது என்ன? தட்டையா இருக்கத் தேவையான 6-ஐ நாம கொடுக்கலை. இடம் போதாம நூல் உள்பக்கம் வளைஞ்சு பந்தாச்சு. உருண்டைப் பரப்புல வட்டத்தோட சுற்றளவு எப்பவும் 2 × பை × ஆரத்தை விடக் குறைவாத்தான் இருக்கும். அந்தச் சூத்திரத்துல சைன் வரும்.

பாடம் 3: பவளம்

இப்போ எதிர்த்திசையில போவோம். தேவைக்கு அதிகமாக் கூட்டினா என்ன ஆகும்?

முதல் சுற்று 6. அதுக்கு அப்புறம் எல்லாச் சுற்றுலயும், எல்லாக் கண்ணியிலயும் ரெண்டு ரெண்டு. மாடல் எளிது, நினைவு வச்சுக்க ஒண்ணுமே இல்லை. 6, 12, 24, 48, 96, 192.

நாலாவது சுற்றுல விளிம்பு ஆட ஆரம்பிக்கும். ஆறாவது சுற்று முடியும்போது உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவுல ஒரு சுருள் கொத்து இருக்கும். கோழிக்கொண்டைப் பூ பார்த்திருக்கீங்கல்ல, அதே மாதிரி.

கணக்கு போட்டுப் பாருங்க. 10 சுற்று கோஸ்டர்ல மொத்தம் 330 கண்ணி. இந்த 6 சுற்று பவளத்துல 378 கண்ணி. கோஸ்டரை விட அதிக நூல் இந்தச் சின்ன உருண்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ஏழாவது சுற்று மட்டும் 384. அதாவது அதுவரைக்கும் போட்ட எல்லாத்தையும் சேர்த்தாலும் அதுக்கு ஈடாகாது. எனக்கு ஒரு கண்ணிக்கு 4 செகண்ட் ஆகுது. ஏழாவது சுற்றுக்கு 26 நிமிஷம். பத்தாவது சுற்றுக்கு 3,072 கண்ணி, கிட்டத்தட்ட மூணரை மணி நேரம். எக்ஸ்பொனென்ஷியல்னா என்னன்னு எனக்குப் போர்டுல புரியலை, விரல் வலிச்சபோதுதான் புரிஞ்சது.

அவ்வளவு நெருக்கமான சுருள் வேண்டாம், இலை மாதிரி விரியணும்னா 3 கண்ணிக்கு 4 ஆக்குங்க: ரெண்டு சாதாரணம், மூணாவதுல ரெண்டு. 27 கண்ணியில இருந்தீங்கன்னா அடுத்தது 36, 48, 64. எண்ணிக்கை ஒண்ணு ரெண்டு தப்பினாலும் பரவாயில்லை, விகிதம் மாறாம இருந்தா போதும். 5 கண்ணிக்கு 6-ன்னு வச்சா இன்னும் அகலமான, சோம்பேறி அலை வரும்.

இதுக்குப் பேரு ஹைப்பர்போலிக் தளம்

உருண்டையில சைன் வந்த இடத்துல இங்கே சைன்ஹெச் வரும். சைன்ஹெச்சுக்குள்ள எக்ஸ்பொனென்ஷியல் இருக்கு. அதனாலதான் ஒவ்வொரு சுற்றும் கூட்டல் கணக்கா இல்லாம பெருக்கல் கணக்கா போகுது. இந்தப் பரப்பு எவ்வளவு சுருளும்ங்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு: ஒரு சுற்றோட உயரத்தைக் கூட்டும் விகிதத்தோட நேச்சுரல் லாக்கால வகுக்கணும். 3-க்கு 4-ன்னா விகிதம் 1.333, அதோட லாக் 0.288. அரை செ.மீ. உயரக் கண்ணிக்கு 1.7 செ.மீ. வரும். இந்த எண் குறையக் குறையச் சுருள் நெருக்கமாகும். ஆரம்பச் சுற்றுகளுக்கு இது சரியாப் பொருந்தாது, விளிம்புக்குப் போகப் போகப் பொருந்தும்.

ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? ஒரு கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு புள்ளி வழியா அந்தக் கோட்டை வெட்டாத கோடு ஒண்ணே ஒண்ணுதான் போட முடியும். ஹைப்பர்போலிக் தளத்துல அப்படி எத்தனை வேணும்னாலும் போடலாம். காகிதத்துல இதை நம்புறது கஷ்டம். 1997-ல அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த டைனா டைமினாங்கிற லாட்வியக் கணித ஆசிரியை இதைக் குரோஷாவுல பின்னிக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி காகிதப் பட்டைகளை ஒட்டி மாடல் செய்வாங்க, தொட்டா கிழிஞ்சுடும். நூல்ல பின்னினதை மடிக்கலாம். மடிப்புதான் நேர்கோடு. மடிச்ச இடத்துல வேற நிற நூல் ஓட்டிப் பாருங்க, வெட்டிக்காத கோடுகள் ஒரே புள்ளியிலிருந்து விலகிப் போறது கண்ணுக்கே தெரியும்.

2005-ல மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டீன் வெர்த்தைம்னு ஆஸ்திரேலியாவில் பிறந்த ரெண்டு சகோதரிகள், இந்தப் பின்னலை வச்சுப் பவளத்திட்டையே பின்ன ஆரம்பிச்சாங்க. அப்புறம் பல நாடுகள்ல ஆயிரக்கணக்கானவங்க சேர்ந்து பின்னியிருக்காங்க. வெளுத்துப்போன பவளத்துக்குன்னு வெள்ளை நூல்ல ஒண்ணு, பிளாஸ்டிக் குப்பையில ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு.

பவளத்துக்கு எதுக்கு இந்த வடிவம்? பவளம்ங்கிறது கோடிக்கணக்கான குட்டி உயிர்கள் சேர்ந்து கட்டுற வீடு. அதுங்க உடம்புக்குள்ள இருக்கிற பாசிக்கு வெளிச்சம் வேணும், அதுங்களுக்குத் தண்ணியில வர்ற இரை வேணும். அதே இடத்துல அதிகப் பரப்பு கிடைச்சா லாபம். எல்லாப் பவளமும் சுருளா இருக்காது. போரைட்டிஸ் வகை பெரிய உருண்டைப் பாறை மாதிரி இருக்கும், அக்ரோபோரா கிளை கிளையா இருக்கும், டர்பினேரியா இலைக்கோஸ் மாதிரி விரிஞ்சிருக்கும். மூணுமே எங்க மன்னார் வளைகுடாவுல இருக்கு.

தாத்தா தொட்டுப் பார்த்தது

செமஸ்டர் லீவுக்குப் பின்னின பவளத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா பார்த்ததும் "தட்டுப் பவளம் மாதிரியே இருக்குடா, விளிம்புல கொஞ்சம் வெளிர் நிறம் போடு" ன்னாரு. தண்ணிக்குள்ள நேர்ல பார்த்தவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்.

தாத்தா கையில வாங்கி, கண்ணி பார்க்கிற மாதிரியே விரலால விளிம்பைத் தடவினாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னாரு: "கடப்பாரை வச்சு நெம்புவோம். வள்ளம் நிறைய ஏத்திட்டு வருவோம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும்."

எனக்கு இது தெரியவே தெரியாது. "உயிருள்ளதுன்னு தெரியாதா தாத்தா?"

"கல்லுன்னுதானே எல்லாரும் சொன்னான். கல்லுக்குத்தானே காசு கொடுத்தான்."

அவரைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. அன்னைக்கு அது ஒரு கூலி வேலை. வாங்கினவங்க இருந்தாங்க, சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் போச்சு, தூத்துக்குடியோட பழைய சுவர்கள்லயும் அது இருக்கு. 1986-ல ராமேஸ்வரத்துலேருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளையும் சுத்தியுள்ள கடலையும் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. 2001-ல பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க, புலி இருக்கிற அதே அட்டவணை. வெட்டுறது நின்னுது. ஆனா எங்க ஊர்ப் பக்கத்து விலங்குசல்லித் தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. வான் தீவு கரைஞ்சு சுருங்கிடுச்சு. அலையைத் தடுக்கிற திட்டு உடைஞ்சா மண்ணு எப்படி நிக்கும்? 2010-லயும் 2016-லயும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச்சு. சூடு தாங்காம உள்ளே இருக்கிற பாசி வெளியேறிட்டா மிஞ்சுறது வெள்ளை எலும்புக்கூடுதான். அறுந்து போன வலைங்க வேற அதுமேல சிக்கிக் கிடக்கு.

சும்மாவும் இருக்கலை. தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிற வேலையைப் பல வருஷமாச் செய்யுது. வான் தீவைச் சுத்திக் கான்கிரீட்ல செயற்கைத் திட்டுகளும் இறக்கியிருக்காங்க. நம்ம சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

எனக்கு உறைச்சது வேற ஒரு கணக்கு. உருண்டை வகைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. என்னோட பின்னல்ல ஒரு சென்டிமீட்டர்ங்கிறது ரெண்டு சுற்று. தப்பா வந்தா முனையை இழுத்து உருவிட்டு, அதே நூல்ல மறுபடி பின்னிடுவேன். தாத்தா ஒரு நாள்ல வள்ளத்துல ஏத்தினது எத்தனை வருஷமா இருந்திருக்கும்னு அவர்கிட்ட நான் சொல்லலை. அவரே கேட்டாரு, "இது வளர எம்புட்டு நாளாகும்ல?" சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாரு.

மறுநாள் காலையில என் பக்கத்துல ஒரு பொட்டலம் இருந்துச்சு. வலை பின்னி மிச்சமான நைலான் நூல், பச்சையும் நீலமும். "அதுல நல்லா நிக்கும், போட்டுப் பாரு" ன்னாரு. அவர் சொன்னது சரி.

நைலான் நூல்ல பின்னணும்னா

வலை நூலை நல்ல தண்ணியில ஊற வச்சு, உப்புப் போகக் கழுவிக் காய வையுங்க. ஊசி 4 மி.மீ. போதும். நூல் வழுக்கும், அதனால முனையை நாலு விரற்கடை மிச்சம் விட்டு உள்ளே நல்லாச் செருகுங்க. அரை மணிக்கு ஒருதரம் கைக்கு ஓய்வு கொடுங்க, ஆள்காட்டி விரல்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டா வெட்டாது. பவளம் விறைப்பா நிக்க இதை விட நல்ல நூல் இல்லை. தங்கூசி மட்டும் வேண்டாம், கண்ணாடி மாதிரி வழுக்கும், கண்ணியே தெரியாது.

அடிக்கடி வர்ற தப்பு

கோஸ்டர் கிண்ணமா வளையுதா? ரொம்ப இறுக்கிப் பின்னுறீங்க, இல்லைன்னா கூட்ட மறந்துட்டீங்க. விளிம்பு அலையடிக்குதா? அதிகமாக் கூட்டிட்டீங்க. முத்துல ஓட்டை வழியாப் பஞ்சு தெரியுதா? ஊசியை ஒரு சைஸ் குறைங்க. பவளம் தொளதொளன்னு விழுதா? நூல் மென்மையா இருக்கு, இறுக்கிப் பின்னுங்க. இந்தப் பதில்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். சுற்றுக்கு எத்தனை கண்ணி கூடுதுன்னு மட்டும் எண்ணுங்க, வடிவம் ஏன் அப்படி வருதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கடைசியா ஒண்ணு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் டூர் போறவங்க, யாராவது பவளத் துண்டை ஷோகேஸ்ல வைக்கன்னு நீட்டினா வாங்காதீங்க. சட்டப்படி தப்பு. வீட்டுல வைக்க அழகா ஒண்ணு வேணும்னா மேலே பாடம் 3 இருக்கு, ஆறு சுற்றுதான்.

பின்னினதை நம்ம இதழ்க் குழு மேசைக்குக் கொண்டு வாங்க. இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள நூலகத்து வாசல்ல ஒரு சின்னத் திட்டாவது வச்சுப் பார்ப்போம். இப்போதைக்கு அங்கே பதினொண்ணு இருக்கு. அதுல மூணு, என்னைப் பாட்டின்னு கூப்பிட்ட என் ரூம்மேட் பின்னினது. அவன் கண்ணி என்னை விட நேரா வருது, அதை இங்கே ஒத்துக்கிட்டே ஆகணும்.